ஜனவரி 6 சாயங்காலம் "பொம்பளைங்க மட்டும்"னு கூப்பிட்டா: அயர்லாந்துல கார்க், கெரி பக்கம் புதுசா வந்தவங்களுக்கு

புதுசா வந்தவள்:
கார்க் வந்து மூணு மாசம் ஆகுது. கணவருக்கு ஐ.டி. வேலை, நான் இன்னும் தேடிட்டிருக்கேன். பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசு இருக்கும். நேத்து கதவைத் தட்டி, "ஆறாந்தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துடு, பொம்பளைங்க மட்டும்தான்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஏதோ ஐரிஷ் பேர் சொன்னாங்க, முடிவுல 'மேன்'னு கேட்டுச்சு. பொம்பளைங்க மட்டும்னு சொல்லிட்டு மேன்னா என்ன? கிறிஸ்துமஸ்தான் முடிஞ்சுபோச்சே, இது மதச் சடங்கா? நாங்க சைவம், குடிக்கிற பழக்கமும் இல்ல. என்ன எடுத்துட்டுப் போறது? போகலைன்னா தப்பா நினைப்பாங்களா?

வில்டன் அக்கா:
போங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல வர்றேன்னு சொல்லிடுங்க. நான் இங்க கார்க்ல, வில்டன்ங்கிற பகுதிக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. முதல் வருஷம் என்னையும் இப்படித்தான் கூப்பிட்டாங்க, கூச்சப்பட்டுக்கிட்டுத் தலைவலின்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வருஷத்தை வீணாக்கினதா இன்னிக்கும் தோணும்.

அந்தப் பேர் 'நொல்லிக் ந மான்'. நொல்லிக்னா கிறிஸ்துமஸ். 'பான்'னா பெண்கள், முன்னாடி 'ந' வந்து சேர்ந்ததும் 'ப' ஒலி 'ம'வா மாறிடுது. புணர்ச்சி விதி படிச்சு வந்த நமக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆக, பெண்களோட கிறிஸ்துமஸ். இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிடறேன், நிறைய பேர் மாட்டிக்கிற இடம். இங்க பல பப்ல கழிப்பறைக் கதவுல ஐரிஷ்லதான் எழுதியிருக்கும். எம் எழுத்துல ஆரம்பிக்கிறது 'ம்னா', அது பெண்களுக்கு. எஃப்ல ஆரம்பிக்கிறது 'ஃபிர்', அது ஆண்களுக்கு. எம்னா மென், எஃப்னா ஃபீமேல்னு கணக்குப் போட்டு உள்ள போயிடாதீங்க. எங்க வீட்டுக்காரர் போயிருக்கார்.

டிசம்பர் 25லேர்ந்து எண்ணினா பன்னிரண்டாவது நாள் கழிச்சு வர்ற ஜனவரி 6, மூணு ராஜாக்கள் குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த திருநாள். நம்ம ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தெரிஞ்ச நாள்தான், திருக்காட்சித் திருநாள்னு கோயில்ல பூசை இருக்கும். இங்கயும் காலையில பூசைக்குப் போறவங்க உண்டு. ஆனா சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டிருக்கிறது சடங்குக்கு இல்ல. உட்கார்ந்து, டீ குடிச்சு, பேசிச் சிரிக்கத்தான். ஜெபம் கிடையாது, நீங்க எந்த மதம்னு யாரும் கேட்க மாட்டாங்க.

ஏன் இப்படி ஒரு நாள்னு கேட்டா, பெரிய காரணம் எதுவும் வேணாம், இங்க ஒரு பழைய பண்ணைவீட்டை மனசுல நினைச்சுப் பாருங்க. எட்டு, பத்துப் பிள்ளைங்க. கிறிஸ்துமஸ் முழுக்க வர்றவங்க போறவங்க, அத்தனை பேருக்கும் அடுப்புல நின்னது அந்த வீட்டுப் பொம்பளை. இறைச்சியும் விஸ்கியுமா இருந்த பெரிய கிறிஸ்துமஸ் ஆம்பளைங்களோடது. எல்லாம் ஓய்ஞ்ச பிறகு, கடைசி நாள் அவளுக்கு. அன்னைக்கு ஆம்பளைங்க சமையல், பாத்திரம், மாட்டுத் தொழுவம், பிள்ளைங்கன்னு எல்லாத்தையும் பார்த்துக்கணும். அவ அக்கம்பக்கத்துல போய் டீயும், திராட்சை போட்ட கேக்கும், கொஞ்சம் வைனுமா உட்காருவா. முட்டை வித்தது, வான்கோழி வளர்த்து வித்ததுன்னு அவ கையில இருந்த சொந்தக் காசு அதுதான், அதுல மிஞ்சினதை அன்னைக்குச் செலவழிப்பா. கார்க்லயும் கெரியிலயும்தான் இது விடாம இருந்துச்சு. டப்ளின்ல பல பாட்டிங்களுக்கே இது பிற்காலத்துல கேள்விப்பட்ட சமாச்சாரம். இப்போ நாடு முழுக்க திரும்பப் பரவியிருக்கு, ஹோட்டல்ல சாப்பாடு, பேச்சு, பாட்டுன்னு டிக்கெட் போட்டு நடத்தறாங்க.

ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அங்க உட்கார்ந்திருக்கிற வயசானவங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். இந்த நாட்டுல 1973 வரைக்கும் அரசு வேலையில இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா வேலையை விட்டுடணும். சட்டமே அப்படி. பப்ல பொம்பளைங்களுக்குப் பைண்ட்ங்கிற பெரிய கிளாஸ்ல பியர் ஊத்த மாட்டோம்னு சொன்ன காலம் உண்டு, கதவுக்குப் பக்கத்துல 'ஸ்னக்'னு ஒரு சின்ன அறைக்குள்ளதான் உட்காரணும். நெல் மெக்காஃபர்ட்டின்னு ஒரு பத்திரிகையாளர், 1970கள்ல ஒரு கூட்டம் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு டப்ளின்ல ஒரு பப்புக்குள்ள போனாங்க. எல்லாரும் பிராந்தி வாங்கிக் குடிச்சாங்க. கடைசியா ஒரு பைண்ட் கின்னஸ் பியர் கேட்டாங்க, கடைக்காரர் தர மாட்டேன்னார். அப்போ பிராந்திக்கும் காசு தர மாட்டோம்னு எழுந்து வந்துட்டாங்க. அப்படி மறுக்கக் கூடாதுன்னு முழுசாச் சட்டம் வந்தது 2000ல. உங்க பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபத்தஞ்சு வயசுன்னா இதெல்லாம் அவங்க கண்ணால பார்த்தது. கேட்டுப் பாருங்க, ராத்திரி பத்து மணி வரைக்கும் சொல்லுவாங்க.

எங்க நாகர்கோவில் பக்கம் ஔவையார் நோன்பு தெரியுமா? செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஆம்பளை வாசனையே இல்லாம, சின்னப் பையனைக்கூட வெளியே அனுப்பிட்டு, உப்பில்லாக் கொழுக்கட்டை அவிச்சுச் சாப்பிட்டுக் கதை கேட்கிறது. நான் முதல்ல அதைத்தான் நினைச்சுக்கிட்டேன். ஆனா அங்க மாவு இடிச்சதும் நாமதான், அவிச்சதும் நாமதான், வேண்டிக்கிட்டது புருஷனுக்கும் பிள்ளைக்கும். இங்க யாருக்காகவும் எதுவும் வேண்டிக்கிறது இல்ல. அது எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன். முந்தின நாளே சாம்பார் வச்சு, மாவு அரைச்சு, டப்பா டப்பாவா லேபிள் ஒட்டி ஃபிரிட்ஜ்ல அடுக்கிட்டு, "சூடு மட்டும் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போகாதீங்க. நம்மள்ல பத்துல எட்டுப் பேர் இதைத்தான் செய்வோம். நானும் மூணு வருஷம் செஞ்சேன். எங்க தெருவுல ஒரு பாட்டி, ஏதோ பேச்சுவாக்குல நான் சொன்னதும், "அப்போ இன்னிக்கு உனக்கு லீவு இல்ல, நேத்து ரெண்டு மடங்கு வேலை"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. மறு வருஷத்துலேர்ந்து ஃபிரிட்ஜ்ல ஒண்ணும் இல்ல. அவர் முட்டைத் தோசை சுட்டார், பிள்ளைங்க கருகினதைச் சாப்பிட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

வில்டன் அக்கா (தொடர்ச்சி, சாப்பாட்டு விஷயம் விட்டுப்போச்சு):
கையில என்ன கொண்டு போறது? சாக்லேட் டப்பா வேணாம். கிறிஸ்துமஸ் முடிஞ்ச நேரத்துல ஒவ்வொரு வீட்டுலயும் பாதி காலியான டப்பா மூணு கிடக்கும், அதைப் பார்த்தாலே எரிச்சல்ல இருப்பாங்க. இனிப்பு தின்னு சலிச்ச வாய். முறுக்கு கொண்டு போங்க, மிளகாய்த்தூள் குறைச்சு. இல்லைன்னா ஓமப்பொடி. அஞ்சு நிமிஷத்துல தட்டு காலி. நான் சொல்றேன்னு நம்புங்க.

சைவம்னா மூணு விஷயத்துல கவனம். கிறிஸ்துமஸ் புட்டிங்லயும் மின்ஸ் பை உள்ள இருக்கிற பூரணத்துலயும் வழக்கமா சூயட் சேர்ப்பாங்க, அது மாட்டுக் கொழுப்பு. இப்போ கடையில தாவரக் கொழுப்புல செஞ்சதும் வருது, வீட்டுல செஞ்சதுன்னா கேட்டுத்தான் ஆகணும். டிரைஃபிள்னு ஒரு கிண்ண இனிப்பு, அதுல ஜெல்லி இருக்கும், ஜெல்லியில ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்புலேர்ந்து எடுக்கிறது), பெரும்பாலும் ஷெர்ரி வைனும் ஊத்தியிருப்பாங்க. கிறிஸ்துமஸ் கேக்ல முட்டையும் உண்டு, விஸ்கியோ பிராந்தியோ ஊத்தி வாரக்கணக்கா ஊற வச்சிருப்பாங்க. முதல்லயே சொல்லிட்டா கோவிச்சுக்க மாட்டாங்க. ஸ்கோன், வெண்ணெய், ஜாம் எப்பவும் இருக்கும், அதுல முட்டை இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

குடிக்கலைன்னா "நான் குடிக்கிறது இல்ல"ன்னு ஒரு தடவை சொன்னாப் போதும், காரணம் கேட்க மாட்டாங்க. டீ கிடைக்கும். கார்க்ல இருக்கோம்னா இந்த ஊர்க் கம்பெனியான பேரீஸ் (Barry's) டீதான், போட்டிக் கம்பெனி லயன்ஸ்தான் நல்லா இருக்கும்னு அந்த வீட்டுல வச்சுச் சொல்லிடாதீங்க! பப்புக்குப் போற கூட்டம்னா மட்டும் ஒரு முறை இருக்கு. ஒருத்தர் ஒருத்தரா எல்லாருக்கும் சேர்த்து வாங்குவாங்க, அதுக்கு ரவுண்டுன்னு பேர். நீங்க ஜூஸ்தான் குடிக்கிறீங்கன்னாலும் உங்க முறை வரும்போது எழுந்திருக்கணும். செலவு கையைக் கடிக்கும்னா, உட்காரும்போதே "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கிறேன்"னு சொல்லிடுங்க. நாலு கிளாஸ் வாங்கிக் குடிச்சிட்டுச் சொன்னா நல்லா இருக்காது.

இன்னொண்ணு, டீ வேணுமான்னு கேட்டா இங்க முதல் தடவை வேணாம்னுதான் சொல்வாங்க. ரெண்டாவது, மூணாவது தடவை கேட்டாத்தான் சரின்னு வாங்குவாங்க. நம்ம ஊர் மாதிரியேதான். அதனால நீங்க கூப்பிடும்போது ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடாதீங்க.

டிராலீ நர்ஸ் (கெரியில இருக்கிற ஊர்):
அக்கா சொன்னதெல்லாம் வீட்டுல இருக்கிறவங்களுக்கு. எங்களுக்கு ஜனவரி முதல் வாரம்னா வார்டுல மூச்சு விட நேரம் இருக்காது, படுக்கை கிடைக்காம சக்கரக் கட்டில்லயே நோயாளிங்க காத்துக்கிடக்கிற வாரம் அது. போன வருஷம் அன்னைக்கு எனக்கு லாங் டே, அதாவது நாள் முழுக்க ஓடற ஷிஃப்ட். ஆனா இடைவேளை அறைக்குள்ள போனா மேசை மேல கேக், சாண்ட்விச், ஒரு சீட்டுல "ஹாப்பி நொல்லிக் ந மான்". வார்டுல இருந்த ஆண் நர்ஸ் ரெண்டு பேர் பெல் அடிச்ச இடத்துக்கெல்லாம் ஓடினாங்க, நாங்க பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்தோம். அஞ்சரைக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு. அந்தப் பதினஞ்சு நிமிஷம் இல்லைன்னா அந்த ஷிஃப்ட் ஓடியிருக்காது.

ஒரு வீட்டுக்காரர்:
எங்களையும் சேர்த்துச் சொல்லுங்க அக்கா. என் மனைவி இந்த வருஷம் எங்க வீட்டுலயே கூப்பிட்டிருக்காங்க. நான் வீட்டை விட்டே வெளியே போயிடணுமா?

வில்டன் அக்கா:
வேணாம் தம்பி, குளிர்ல எங்க போவீங்க? ஆரம்பத்துல கதவைத் திறந்து கோட்டு வாங்கி மாட்டுங்க, டீ போட்டுக் கொடுங்க, அப்புறம் பிள்ளைங்களோட மாடிக்குப் போயிடுங்க. ஹால்ல ஓரமா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டிருக்காதீங்க, அதுதான் பெரிய தொந்தரவு. எல்லாரும் போன பிறகு பாத்திரமும் உங்களோடது. "ஹெல்ப் பண்ணட்டுமா"ன்னு கேட்காதீங்க, அன்னைக்கு அது உங்க வேலை.

கிறிஸ்துமஸ் மரம், தோரணம், விளக்கு எல்லாம் அன்னைக்கே இறக்கிடணும். அதுக்கு அப்புறமும் விட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு இங்க நம்பிக்கை. நாம தீபாவளிக்குக் கட்டின சீரியல் விளக்கைப் பொங்கல் வரைக்கும் விட்டுவைக்கிற ஆளுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா பார்ப்பாங்க. நிஜ மரம்னா கவுன்சில் ஜனவரியில ஒரு இடம் வச்சிருப்பாங்க, அங்க கொண்டுபோய்ப் போடுங்க. வேலி ஓரத்துல சாய்ச்சு வச்சிடாதீங்க.

ஆறாந்தேதி அரசு விடுமுறை கிடையாது, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கவும் வாய்ப்பிருக்கு. லீவு விடுற பெண் பேர் கொண்ட நாள் பிப்ரவரியிலதான், புனித பிரிஜித் நாள், 2023லேர்ந்து.

புதுசா வந்தவள்:
ரொம்ப நன்றிக்கா. ஒண்ணு கேட்கணும். எனக்கு இங்க வேலையும் இல்ல, பிள்ளையும் இல்ல. "நீ என்ன பண்றே"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னே பயமா இருக்கு.

வில்டன் அக்கா:
அதைத்தான் முதல்ல சொல்லணும். வேலை தேடிட்டிருக்கேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. எனக்கு ஜிபி, அதான் குடும்ப டாக்டர், கிடைச்சது அந்த மேசையிலதான். நாலு கிளினிக்ல லிஸ்ட் நிறைஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க. அங்க ஒருத்தர் காலையில அவங்க டாக்டருக்குப் போன் போட்டுப் பேர் சேர்த்துவிட்டாங்க. கணவர் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்ங்கிற வேலை பெர்மிட்ல இருந்தா உங்களுக்கு ஸ்டாம்ப் 1ஜிங்கிற குடியிருப்பு அனுமதி, தனி பெர்மிட் இல்லாம வேலைக்குப் போகலாம். ஜெனரல் பெர்மிட்காரங்க துணைக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து அதே சலுகை உண்டு. இங்க பல முதலாளிங்களுக்கே இது தெரியாது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.

இதைப் படிக்கிற வேற யாருக்காவது வீட்டுக்குள்ள நிலைமை சரியில்லைன்னா, வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுற விமன்ஸ் எய்ட் அமைப்போட எண் 1800 341 900. காசு ஆகாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க. இந்த நாளை ஒட்டி நடக்கிற பல கூட்டத்துல இந்த மாதிரி அமைப்புகளுக்குத்தான் பணம் சேர்க்கிறாங்க, அதனால இங்க எழுதினேன்.

புதுசா வந்தவள் (ஜனவரி 7):
போயிட்டு வந்தேன்க்கா. முறுக்கு தீர்ந்துபோச்சு, செய்முறை எழுதித் தரச் சொல்லிட்டாங்க. அந்தம்மா 1971ல தபால் ஆபீஸ்ல வேலை பார்த்தாங்களாம், கல்யாணத்தன்னைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததைச் சொன்னாங்க. யாரும் பேசல, டீ ஆறிப்போச்சு. அப்புறம் யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். எனக்குப் பாதி ஜோக் புரியல. கிளம்பறேன்னு சொல்லி வாசல்லயே முக்கால் மணி நேரம் நின்னோம்.

ஒரு சிக்கல். வாய் தவறி "அடுத்த வருஷம் எங்க வீட்டுல"ன்னு சொல்லிட்டேன். பதினாலு பேர். எங்க கிட்ட நாலு நாற்காலிதான் இருக்கு, இங்க எங்கயாவது வாடகைக்குக் கிடைக்குமா?

வில்டன் அக்கா:
வாடகையெல்லாம் வேணாம். ஆளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வருவாங்க, சொல்லிப் பாருங்க. பதினஞ்சாவது ஆளா நானும் வர்றேன், ஸ்டூலோட.