அப்பத்தாவின் கைக்குப் பூ

குழு: ஞாயிறு வளைகாப்பு

சித்தி, இரவு 8.12
நம் பெண்ணுக்கும் இரண்டு பாட்டிகளுக்கும் கோர்சாஜ் செய்யப் போகிறேன். இங்கே டொராண்டோவில் பேபி ஷவருக்கு அது வழக்கம். மணிக்கட்டில் ரிப்பனால் கட்டும் சின்னப் பூங்கொத்து. சிறு ரோஜாவும், ஜிப்சி என்கிற பொடி வெள்ளைப் பூவும் வாங்கிவிட்டேன்.

மதுரை அத்தை, 8.15
மணிக்கட்டிலா? வளையலை எங்கே அடுக்குவது? சந்தனம் பூசி, ஒவ்வொரு சுமங்கலியாக வந்து போட்டுவிடும்போது பூ நசுங்கிப்போகும். அவள் கை இரண்டும் வளையலுக்கே இருக்கட்டும்.

சித்தி, 8.16
அது தோன்றவே இல்லை மதினி. தோளில் குத்திவிடட்டுமா?

நான், 8.18
இடது தோளில் முந்தானை மடிப்பு இருக்கிறதே சித்தி. பட்டில் தடித்த ஊசி ஏறினால் இழை இழுத்துக்கொள்ளும். என் கல்யாணப் புடவையில் விழுந்த துளையை இன்றும் மடித்து மறைத்துத்தான் கட்டுகிறேன்.

சித்தி, 8.19
காந்தப் பின் இருக்கிறது. துளை விழாது.

நான், 8.19
அப்பத்தாவுக்கு வேண்டவே வேண்டாம்! பேஸ்மேக்கர் அருகில் காந்தம் போகக் கூடாது.

தங்கை, 8.24
எனக்குத் தலை நிறைய மல்லிகை போதும் சித்தி. கையில் கட்டுவதை அப்பத்தாவுக்குக் கட்டுங்கள். தாத்தா போன பிறகு அவர் பூவே வைத்துக்கொண்டதில்லை. வளையல் போடவும் முன்னால் வர மாட்டார். ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் மணையில் உட்கார முடியாது.

மதுரை அத்தை, 8.41
அம்மாவிடம் இப்போதுதான் பேசினேன். "எனக்கு எதற்கு?" என்றார். பிறகு, "பிள்ளை ஆசைப்பட்டால் கட்டட்டும்" என்றார்.

தங்கை, 8.42
முதல் வளையலும் அப்பத்தாதான் போட வேண்டும்.

மதுரை அத்தை, 8.43
போடட்டும். யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

சித்தி, 8.50
சனி இரவே செய்துவிடுகிறேன். ரோஜாக் காம்பை ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, இதழுக்குக் கீழே பச்சையாகத் திரண்டிருக்கும் இடத்தில் மெல்லிய கம்பியைக் குறுக்கே செருகி, இரு முனைகளையும் கீழே மடிக்க வேண்டும். அதன்மேல் பச்சை டேப். அதை இழுத்துச் சுற்றினால்தான் பசை பிடிக்கும். மல்லிகைக் காம்பு கம்பியைத் தாங்காது. நூலில் தொடுத்து ரோஜாவைச் சுற்றிவிடுகிறேன்.

நான், 8.52
ஃப்ரிட்ஜில் ஆப்பிளோடு வைத்துவிடாதீர்கள். பழத்திலிருந்து வரும் வாயுவால் பூ சீக்கிரம் வாடிவிடும்.

மதுரை அத்தை, 8.55
ரிப்பன் அகலமாக இருக்கட்டும். முடிச்சை இறுக்காதே. அம்மாவின் தோல் இப்போது காகிதம் போல ஆகிவிட்டது.