கீழக்கரை பழைய வீடு, சுவர் உப்பு பூக்குது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
வாப்பா மவுத்தாகி ரெண்டு வருசமா பூட்டிக் கிடந்த வீடு, கடல் கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது, போன மாசம் தொறந்தா சுவரைத் தொட்டாலே மாவாக் கொட்டுது, மேல பூசுன சிமெண்டு பாளம் பாளமா விழுது. வித்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். பரண்ல கரையான் தின்னது போக சீறாப்புராணம் கிடைச்சுச்சு, வாப்பா பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காங்க. மஃரிபு தொழுகைக்கு அப்புறம் தினம் நாலு பாட்டு வாசிக்கிறேன், அழுகை வருது, ஆனா அதுக்கப்புறம் தூக்கமும் வருது. இப்ப விக்க மனசில்ல.

பதில் 1:
ராத்தா, சிமெண்ட மொத்தமா செதுக்கி எடுங்க. தரையிலேருந்து ஏறுற ஈரத்தை சிமெண்டு வெளிய விடாது, உப்பு உள்ளயே நின்னு கல்லை அரிச்சிரும். சுண்ணாம்பு மூச்சு விடும். நல்லா நீத்து ஊறவச்ச சுண்ணாம்புல கடுக்காய், கருப்பட்டி ஊறுன தண்ணி ஊத்திக் குழைக்கணும். (கருப்பட்டிக்கு நம்ம மாவட்டத்துல பஞ்சமா!) கடல் மணல் மட்டும் வேணாம். எங்க அத்தா கொத்தனாரு, அவசரப்படாம பூசச் சொல்லுவாரு.

பதில் 2:
கடல் கல்லு, அதான் பவளக்கல், யாராச்சும் புதுசா தர்றேன்னா வாங்கிராதீங்க, 2001லேருந்து வனஉயிர் சட்டத்துல பாதுகாப்புல இருக்கு. விழுந்த பழைய கல்லையே திருப்பி வைங்க. புத்தகத்தை வெயில்ல போடாம நிழல்ல காய வைங்க.

கேள்வி கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹ். தலைவாசல் பக்கச் சுவர்ல நாளைக்கு ஆரம்பிக்கிறோம். உம்மாவும் இப்ப பக்கத்துல உக்காந்து கேக்குறாங்க, நான் தப்பா வாசிச்சா திருத்துறாங்க!