டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் ஒரு வார இறுதி: காட்டுப்பூக்களும் நேரடி இசையும், வழித்திட்டம் குறித்து ஆலோசனை தேவை

கேள்வி – ஹூஸ்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் ஹூஸ்டனில் வசிக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்தில், வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பும்படி, டெக்சஸின் நடுப்பகுதியில் குன்றுகள் நிறைந்த ஹில் கன்ட்ரிக்கு ஒரு பயணம் போக எண்ணியுள்ளோம். அவர் கிதார் வாசிப்பவர். கன்ட்ரி இசையைப் பெரிய அரங்கில் அல்லாமல், பாடுபவரின் முகம் தெரியும் தொலைவில் அமர்ந்து கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கோ புளூபானெட் என்ற நீலக் காட்டுப்பூ பூத்த வெளிகளைப் பார்க்க வேண்டும். அதிலும் சாலையோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், பூக்களைப் பொறுமையாகக் கவனிக்க விருப்பம். இவ்விரண்டையும் ஒரே வார இறுதியில் அலைச்சல் இல்லாமல் சேர்த்துக்கொள்ள இயலுமா? எங்கே தங்கினால் நல்லது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஆஸ்டின் அன்பன்

தாராளமாக இயலும். காலைப் பொழுதைப் பூக்களுக்கும் பிற்பகலுக்குப் பிந்தைய நேரத்தை இசைக்கும் ஒதுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கா. உச்சி வெயிலில் நீலம் வெளிறித் தெரியும். இசையோ அந்த நேரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வெள்ளி இரவு ஆஸ்டினில் தங்குங்கள். 1964-இல் ஜேம்ஸ் வைட் தொடங்கிய ‘புரோக்கன் ஸ்போக்’ நடனக்கூடம் உங்கள் கணவருக்குப் பிடிக்கும். தாழ்ந்த கூரை, எட்டிய தூரத்தில் மேடை, நடுவில் இணை இணையாகச் சுற்றிவரும் டூ-ஸ்டெப் ஆட்டக்காரர்கள். இசைக்குழு மேடையேறுமுன் புதியவர்களுக்கு ஆட்டமும் கற்றுத் தருவார்கள்.

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, 290-ஆம் நெடுஞ்சாலையில் ஜான்சன் சிட்டி வழியாக வில்லோ சிட்டி லூப் செல்லுங்கள். ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊருக்கு வடக்கே, 13 மைல் நீளத்துக்கு வளைந்து செல்லும் குறுகிய சாலை அது. நல்ல ஆண்டுகளில் அதன் இருபுறச் சரிவுகளும் நீலமாக இருக்கும். இருபுறமும் தனியார் பண்ணை நிலம் என்பதால் காரை நிறுத்தி இறங்க இடம் தரமாட்டார்கள். ஆகவே கூட்டம் சேருமுன் மெதுவாக ஓட்டிச் செல்வதுதான் அங்கே பார்க்கும் முறை.

பிற்பகலில் லுக்கன்பாக் போய்விடுங்கள். 1973-இல் கன்ட்ரி பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் தம் நேரடி இசைத்தட்டை அங்குள்ள நடனக்கூடத்தில்தான் பதிவு செய்தார். பழைய மரக் கட்டடங்கள் சிலவும் பெரிய ஓக் மரங்களும்தான் ஊர். மரத்தடியில் கிதார்க்காரர்கள் வட்டமாக அமர்ந்து முறை வைத்துப் பாடுவார்கள். கோயில் மண்டபத்துப் பஜனை போல, பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே மேடை என்று ஒன்று இராது. உங்கள் கணவர் கிதாரைக் கட்டாயம் எடுத்துவரட்டும். முதலில் சற்று நேரம் அமர்ந்து கேட்டுவிட்டு, வட்டத்தில் சேரலாமா என்று மரியாதையாகக் கேட்டால் போதும்.

அன்றிரவு ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் தங்கலாம். பூக்காலத்து வார இறுதிகளில் அறைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் 2 – தாவரவியல் ஆசிரியை

அம்மா, பூக்களைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். பெரும்பாலோர் புகைப்படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். புளூபானெட் ஓராண்டுச் செடி. இலையுதிர் காலத்து மழையில் விதை முளைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகக் கிடந்து, மார்ச் பிற்பகுதியில்தான் தண்டு விட்டுப் பூக்கும். ஆதலால் முந்தைய செப்டம்பர், அக்டோபரில் மழை பொய்த்திருந்தால், பெயர் பெற்ற வெளிகளும் வெறுமையாக இருக்கக்கூடும். சென்ற ஆண்டுப் படங்களை நம்பி இடத்தை முடிவு செய்ய வேண்டாம். விதையுறை கடினமானது என்பதால் சில விதைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருந்து முளைக்கும். அதனால்தான் வறண்ட ஆண்டுக்குப் பிறகும் பூக்கள் மீண்டும் வருகின்றன.

பூங்கொத்து ஒன்றின் அருகில் குனிந்து பாருங்கள். நுனியில் விரியாத மொட்டுகள் வெண்மையாக இருக்கும். விரிந்த ஒவ்வொரு பூவிலும் மேல்நோக்கி நிற்கும் கொடியிதழின் நடுவே ஒரு புள்ளி தெரியும். புதுப்பூவில் அது வெள்ளை, சில நாள் ஆன பூவில் செம்மை கலந்த ஊதா. தேனீக்கள் பெரும்பாலும் வெள்ளைப் புள்ளி உள்ள பூக்களையே நாடும். சற்று நேரம் அசையாமல் நின்றால் இதை நீங்களே கண்ணாரக் காணலாம்.

அவற்றின் ஊடே செக்கச்செவேலென்று நிற்பது இந்தியன் பெயின்ட்பிரஷ். சிவந்து தெரிபவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ அவற்றுக்குள் சிறிதாக, வெளிர்நிறத்தில் ஒளிந்திருக்கும். இது அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடிகளின் வேர்களிலிருந்து நீரும் சத்தும் எடுத்துக்கொள்ளும்.

ஞாயிறு காலை ஆஸ்டினில் உள்ள லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையத்துக்குச் செல்லுங்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவியான அவரும் நடிகை ஹெலன் ஹேய்ஸும் 1982-இல் தொடங்கிய நிறுவனம் அது. பூக்களுக்குப் பெயர்ப்பலகை இருப்பதால், முந்தைய நாள் வழியில் பார்த்தவற்றை அங்கே இனங்கண்டுகொள்ளலாம்.

பதில் 3 – நியூ பிரான்ஃபெல்ஸ் நண்பர்

முதல் பதிலில் இருந்து ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். சனிக்கிழமை இரவுக்கு என் தேர்வு எங்கள் ஊரில் உள்ள க்ரீன் ஹால் நடனக்கூடம். 1878-இல் கட்டப்பட்டு இன்றுவரை இசை ஓயாத மரக் கூடம். தகரக் கூரை, குளிர்சாதன வசதி கிடையாது, பக்கவாட்டுப் பலகைகளைத் தூக்கிவிட்டால் காற்று நேரே உள்ளே வரும். கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பெயர் பெறுவதற்கு முன் பாடிய மேடை அது. இரவு நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டை முன்னரே வாங்கிவிட வேண்டும். லுக்கன்பாக்கில் பிற்பகலைக் கழித்துவிட்டு, பிளாங்கோ வழியாக இருட்டுமுன் இங்கே வந்து சேரலாம். வில்லோ சிட்டியில் கார்கள் வரிசைகட்டி நின்றால் அங்கே பொழுதை வீணாக்காமல், லானோவிலிருந்து மேசன் செல்லும் 29-ஆம் சாலையைப் பிடியுங்கள். நெரிசல் குறைவு, பூக்களும் குறைந்தவை அல்ல.

கேள்வி கேட்டவர் – ஹூஸ்டன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளி இரவு ஆஸ்டின், சனிக்கிழமை காலை வில்லோ சிட்டி, பிற்பகல் லுக்கன்பாக், இரவு ஃபிரெடரிக்ஸ்பர்க் என்று முடிவு செய்துள்ளோம். வட்டத்தில் அமர்ந்து வாசிக்கலாம் என்று படித்தது முதல் அவர் கிதாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருக்கிறார். க்ரீன் ஹாலுக்குத் தனியாக ஒரு முறை வருவோம். இன்னும் ஒரே ஒரு ஐயம்: புளூபானெட்டைப் பறித்தால் அபராதம் என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா? பூக்களுக்கு நடுவே அமர்ந்து படம் எடுக்கலாமா?

பதில் 4 – தாவரவியல் ஆசிரியை

புளூபானெட்டுக்கு என்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மாநிலப் பூங்காக்களில் எந்தச் செடியையும் பறிக்கக் கூடாது. தனியார் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். பறிக்க அனுமதி உள்ள இடத்திலும் விட்டுவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். அந்தப் பூ விதையாக முற்றினால்தான் வரும் ஆண்டுகளுக்குச் செடி உண்டு. போக்குவரத்துத் துறையும் விதை முற்றும்வரை சாலையோரப் புல்லை வெட்டாமல் காத்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பவுண்டு காட்டுப்பூ விதையையும் விதைக்கிறது.

படத்துக்காக அமர்வதானால், ஏற்கெனவே நடந்து தடமான வெற்றிடத்தில் மட்டும் அமருங்கள்; மிதிபட்ட தண்டு மீண்டும் நிமிராது. அமருமுன் தரையை நன்றாகப் பாருங்கள். நெருப்பெறும்புப் புற்றுகள் பூக்களுக்கு அடியில் மறைந்திருக்கும், கிலுகிலுப்பைப் பாம்புகளும் அந்தப் பருவத்தில் வெயில் காய வெளியே வரும். மூடிய காலணியும் முழுக்கால் உடையும் அணிந்து செல்லுங்கள்.

ஞாயிறு ஆஸ்டினிலிருந்து திரும்பும்போது 290-ஆம் சாலையிலேயே வாருங்கள். பிரென்ஹம், சாப்பல் ஹில் பகுதிகள் உங்கள் வழியிலேயே உள்ளன. மாலை நான்கு மணிக்கு மேல் அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.