'எமோஷனல் டியூரபிலிட்டி': தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

காரைக்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வடிவமைப்பு மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த ஒரு சொல்தான் பாக்கி. 2005இல் வடிவமைப்புத் துறை ஆய்வாளர் ஜொனாதன் சாப்மன் எழுதிப் பரவிய கருத்து இது: நன்றாக உழைக்கும்போதே பல பொருள்கள் குப்பைக்குப் போகின்றன, வைத்திருப்பவருக்குப் பற்று விட்டுப்போவதால். 'உணர்ச்சி நீடிப்பு' என்று போட்டுப் பார்த்தேன். நோயின் பெயர்போல ஒலிக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
பேணெழில். வினைத்தொகை, பேணிய, பேணுகிற, பேணும் என முக்காலமும் அடங்கும். எழிலுக்கு வேர் 'எழு' என்பது என் துணிபு. எழுச்சி, 'தடிந்தெழிலி' என்று வள்ளுவர் சொல்லும் மேகம், எல்லாம் ஒரே குடும்பம். கிடக்கிற அழகு அன்று, எழுந்துகொண்டே இருக்கும் அழகு.

கண்டனூரிலிருந்து:
ஐயா, எழில் சரி, 'பேண்'தான் இடிக்கிறது. கல்யாணத்தில் பரப்பிய எனாமல் வாளிகளும் அடுக்குகளும் நம் செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறைக்கணக்காக அறைக்குள் பூட்டிக் கிடந்தன. பேணினோம், புழங்கவில்லை. புழங்குவதற்கு வேறு சாமான் வாங்கினோம். இதில் எந்தக் குப்பை குறைந்தது? தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பாருங்கள். சூளை கிடையாது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. நடக்க நடக்க மெருகேறும். அதனால் புழங்கெழில்.

தேவகோட்டையிலிருந்து:
புழக்கம்தான் வேண்டுமென்றால் பயிலெழில் என்போம். 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' (குறள் 783). பழகப் பழக இனிக்கும் உறவு. பொருளோடும் அதுதானே கேட்கிறோம்?

புதுவயலிலிருந்து:
குறள் அருமை. ஆனால் பயிலகம், பயிற்சி என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை பயிலெழிலை ஓவிய வகுப்பு என்றுதான் நினைக்கும். தொல்காப்பியர் வனப்பு எட்டில் தொன்மையும் உண்டு, விருந்து என்னும் புதுமையும் உண்டு. செய்யுளுக்குச் சொன்னதுதான், இருந்தாலும் 'வனப்பு' என்ற சொல்லை ஏன் யாரும் தொடவில்லை?

பள்ளத்தூரிலிருந்து:
அழகு பொருளைக் காக்கும் என்பதையே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அழகுக்காகத்தான் பர்மாக் காட்டுத் தேக்கு மரத்தை வெட்டிக் கடல் கடந்து கொண்டுவந்து தூண் நிறுத்தினோம். இன்று வீட்டைப் பிரித்து அதே தூணைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விற்கிறார்கள், அதுவும் அழகுக்காகத்தான். பாடத்தில் இது வராவிட்டால் சொல் எதுவானால் என்ன?

கண்டனூரிலிருந்து:
ஆச்சி, வீட்டைப் பிரிக்கவைப்பது பாகப்பிரிவினையும் பராமரிப்புச் செலவும். அழகில்லாத தூண் விறகாகியிருக்கும். இது இன்னொரு வீட்டில் நிற்கிறது. மரம் வந்த வழியைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு என்னிடம் மறுப்பில்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அது, நம் சொல்லோ வாங்கியபின் நடப்பதைச் சொல்கிறது.

காரைக்குடியிலிருந்து:
நேரமில்லை. கண்டனூர் சொன்ன 'புழங்கெழில்' என்பதையே இடுகிறேன். முதலில் வருமிடத்தில் 'புழங்கப் புழங்கக் கூடும் அழகு' என்று விளக்கமும் உண்டு. பள்ளத்தூர் ஆச்சியின் தேக்குக் கேள்வி பாட இறுதியில் விவாத வினாவாகச் சேர்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
அச்சுக்குப் போகட்டும். 'புழங்கு' என்பதன் ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டு 'எழில்' வந்து புணர்ந்தது முறைதான். ஆனால் புழங்கெழில் பொருளின் அழகைச் சொல்கிறது, வைத்திருப்பவரின் பற்றைச் சொல்லவில்லை. சாப்மன் பேசியது பற்றைத்தான். மறுபதிப்பு வரும்போது இதை மீண்டும் எழுப்புவேன்.