நெல் வயலுக்குச் சுற்றுச்சூழல் கணக்கு: எதை அளப்பது, எதை விடுவது?

வடவாறு_கரை கேட்கிறார்:

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஏழு ஏக்கர். குறுவை போர் தண்ணீரில், சம்பா ஆற்றுத் தண்ணீரிலும் மழையிலும். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நெல் வாங்க வந்தவர்கள் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏக்கருக்குத் தண்ணீர் எத்தனை லிட்டர், தழைச்சத்து (நைட்ரஜன்) எத்தனை கிலோ, டீசல், பூச்சிமருந்து, மண்ணில் கரிமம், மீத்தேன் என்று இரண்டு பக்கம் கேள்வி, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். மோட்டாருக்கு மீட்டரே கிடையாது, லிட்டருக்கு நான் எங்கே போவது? பக்கத்து வயல்காரர் "இயற்கைக்கு மாறிட்டா இந்தக் கேள்வியே வராது" என்கிறார், அதுவும் நம்பும்படி இல்லை. ஒரு விவசாயி தானே அளந்து பயன்படுத்தக்கூடிய எண் எது, படிவத்துக்காக மட்டும் போடும் எண் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களிமண்_காடு:

மீட்டர் வேண்டாம் தம்பி, 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். குழாய் வாயில் வைத்து நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 10 லிட்டர், மணிக்கு 36,000. காலையில் ஒரு தடவை, பல மணி நேரம் ஓடின பிறகு ஒரு தடவை பாருங்கள், கோடையில் போர் மட்டம் இறங்கி வரத்து குறைந்துவிடும். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. தண்ணீர் நிற்க ஏறக்குறைய 40,500 லிட்டர் வேண்டும். அப்புறம் மோட்டார் ஓடிய நேரத்தை நோட்டில் எழுதினால் கணக்கு முடிந்தது. நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் தேவை ஏறக்குறைய 1,200 மி.மீ., அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். அதில் நடவுக்கு முன் சேறாக்கும் தொழி உழவுக்கே 200 மி.மீ. போய்விடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை, தண்ணீர் கட்டிவிட்டு உழவு இயந்திரத்துக்குக் காத்துக்கிடக்கும் நாட்களில்தான் வீண் அதிகம். ஆற்றுத் தண்ணீருக்கு டிரம் உதவாது, மடையில் தகடு வைத்து அளக்கலாம், ஆனால் சம்பாவில் மழையும் சேர்ந்துகொள்ளும். அதற்கு நான் மெனக்கெட மாட்டேன். குறுவைக்கு மட்டும் அளங்கள்.

இரண்டாவது, தழைச்சத்து. இதற்குக் கருவியே வேண்டாம், உரக்கடை ரசீது போதும். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து, 20.7 கிலோ. டிஏபி உரம் 50 கிலோ மூட்டையில் 9 கிலோ. ஏக்கருக்கு இரண்டரை மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டிஏபியும் போட்டால் 61 கிலோ. ஒரு மாவுக்கு (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) 13 மூட்டை, ஏக்கருக்கு 40 மூட்டை கண்டால் 60 கிலோ மூட்டைக் கணக்கில் 2.4 டன். அந்த நெல் எடுத்துக்கொண்டு போவது 26, 27 கிலோ தழைச்சத்துதான். வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரக்காரருக்கு விற்றால் இன்னொரு 14, 15 கிலோ போகும். மீதி 20 கிலோ எங்கே? பெரும்பாலும் காற்றுக்கு, கொஞ்சம் வடிகாலுக்கு. தேங்கின தண்ணீரில் யூரியாவை வீசிவிட்டு வெயிலில் விட்டால் அமோனியாவாகப் பறந்துவிடும். போட்டது கழித்தல் போனது, இந்த ஓர் எண்ணை வருடாவருடம் எழுதினால் போதும், படிவத்தில் பாதி இதற்குள் அடக்கம். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் போட ஆரம்பித்தால் அது இறங்குவது நோட்டிலேயே தெரியும்.

சாம்பல் சத்து தலைகீழ்க் கதை. அது பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. வைக்கோல் முழுக்க விற்றால் ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷுக்கு மேல் வண்டி ஏறிப் போகிறது. படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்காது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால்77:

அண்ணன் சொன்னது இரண்டும் சரி. மீத்தேனைப் பற்றி நான் சொல்கிறேன். அதை நீங்கள் அளக்க முடியாது, வயலில் மூடுபெட்டி வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். படிவம் கேட்பது சூத்திரக் கணக்கு. தண்ணீர் தேங்கின சேற்றில்தான் மீத்தேன் உண்டாகும், அதனால் கணக்கு தண்ணீர் நின்ற நாளை வைத்து. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி 2019இல் திருத்திய வழிகாட்டுதலில் தெற்காசியாவுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். வயலில் 110 நாள் தண்ணீர் வற்றாமல் நின்றால் ஏக்கருக்கு 38 கிலோ, கரியமில வாயுக் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். இடையில் பல முறை வயலைக் காயவிட்டால் அதை 0.55 ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்கிற இன்னொரு வெப்பவாயு கொஞ்சம் கூடும், ஆனால் மீத்தேனில் மிச்சமாகும் அளவுக்கு அது வராது.

இதில் யாரும் சொல்லாத சங்கதி வைக்கோல். அறுத்த தாளையும் வைக்கோலையும் நடவுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் மடக்கி உழுதால் மீத்தேன் தாறுமாறாக ஏறும். அதே சூத்திரத்தில் ஹெக்டேருக்கு 5 டன் உலர்ந்த வைக்கோல் என்று போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். ஒரு மாதத்துக்கு முன்பே உழுதுவிட்டால் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். குறுவை அறுத்த கையோடு அதே வயலில் அடுத்த போகமாகத் தாளடி நடுகிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதாலும் மீத்தேன் கூடும். மண்ணுக்கு நல்லது, காற்றுக்குக் கெட்டது, இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டு எப்படிக் கலக்குவது? அதனால்தான் மொத்த மதிப்பெண்ணை நான் நம்புவதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் 2011இல் தொடங்கிய எஸ்ஆர்பி என்கிற நீடித்த நெல் சாகுபடி அமைப்பின் தரநிலையிலேகூட 41 தேவைகளுக்கு மதிப்பெண் தனி, விளைச்சல், தண்ணீர், மீத்தேன் மாதிரி 12 குறியீடுகள் தனி.

வரப்பு_ஓரம்:

இயற்கைக்கு மாறினால் கேள்வி வராது என்பது சும்மா. நான் மாப்பிள்ளைச் சம்பா என்கிற பாரம்பரிய ரகம் போடுகிறேன், ரசாயனம் கிடையாது, மருந்து, உரக் கட்டங்களில் எனக்கு நல்ல மதிப்பெண் வரும். ஆனால் அது வயலில் நிற்கும் நாள் அதிகம், விளைச்சல் குறைவு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் நான் நல்ல பிள்ளை, கிலோ நெல்லுக்கு மீத்தேன் என்று வகுத்தால் கெட்ட பிள்ளை. உங்கள் படிவம் எதால் வகுக்கிறது என்று முதலில் கேளுங்கள். வாங்குகிறவர்களுக்குக் கிலோ கணக்குதான் வசதி, நிலத்தடி நீருக்கு ஏக்கர் கணக்குதான் நியாயம்.

இன்னொன்று, "மீத்தேன் குறைத்தால் பணம்" என்று கார்பன் கம்பெனிக்காரர்கள் வந்தால் கையெழுத்துக்கு முன் பத்திரத்தை முழுசாகப் படியுங்கள். வெரா என்கிற பன்னாட்டுப் பதிவு அமைப்பு சீனாவின் 37 நெல் மீத்தேன் திட்டங்களை 2024இல் நிராகரித்தது. காகிதத்தில் காய்ந்த வயல் எல்லாம் நிஜத்தில் காயாது.

வடவாறு_கரை:

ரொம்ப நன்றி. படிவத்தில் பார்த்தேன், எல்லாம் டன் நெல்லுக்குத்தான். ஏக்கர் கணக்கையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன், வாங்கினால் வாங்கட்டும். மண் கரிமத்துக்கு மண்வள அட்டையில் 0.48 சதவீதம் என்று இருக்கிறது, அது போதுமா? காயவிடுவதை எப்படி நிரூபிப்பது? எங்கள் களியில் வெடிப்பு விழுந்துவிடுமே.

களிமண்_காடு:

0.5க்குக் கீழே என்றால் அட்டையில் "குறைவு" என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் ஓர் அட்டையை வைத்து ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது, கரிமம் நகர வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு தடவையும் அதே வயல், அதே மாதம், அதே 15 செ.மீ. ஆழம், எரு கொட்டி வைத்த மூலையையும் வரப்போரத்தையும் விட்டுவிட்டு எடுங்கள். அடுத்த வருடமே 0.1 ஏறியதாக யாராவது காட்டினால், ஹெக்டேருக்கு இரண்டு டன் கரிமம் ஒரே வருடத்தில் சேர்ந்தது என்று அர்த்தம். அதை நான் நம்ப மாட்டேன், மண் எடுத்த இடம் மாறியிருக்கும்.

காயவிடுவதற்கு 30 செ.மீ. பிவிசி குழாயில் அடிப்பக்கம் சுற்றிலும் துளை போட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேலே மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் பாய்ச்சலாம். மேலே காய்ந்தாலும் வேருக்குத் தண்ணீர் இருக்கும், களியில் மயிரிழை வெடிப்புக்கு மேல் விடவேண்டாம், அகல வெடிப்பு விழுந்தால் அடுத்த பாய்ச்சல் முழுக்க அதற்குள்ளேயே போய்விடும். பூக்கும் சமயத்தில் இந்த வேலையே வேண்டாம், 5 செ.மீ. நிறுத்திவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிந்தாலே பெரிய விஷயம், அதனால் சம்பாவுக்கு "காயவிட்டேன்" என்று எழுதாதீர்கள். குழாய்க்குள் குச்சி விட்டு அளந்த செ.மீ., தேதி, மோட்டார் போட்ட நேரம், மூன்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். சரிபார்க்க வருகிறவருக்கு அதுதான் சாட்சி. நோட்டு மோட்டார் கொட்டகையிலேயே கிடக்கட்டும், வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் நடக்காது.