கேசட் வாக்மேன், சிடி பிளேயர், ஐபாட்: எதைச் சரி செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

மெல்லிசை கேட்டது:

வணக்கம். கைவசம் மூன்று பழைய கருவிகள், மூன்றும் வேலை செய்யவில்லை.

கேசட் வாக்மேன்: ப்ளே அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டேப் நகரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த சிடி பிளேயர்: தட்டு கொஞ்சம் சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ காட்டி நின்றுவிடுகிறது. கம்பெனி சிடி எப்போதாவது பாடும், கணினியில் எழுதிய சிடி பாடவே பாடாது. 5ஆம் தலைமுறை ஐபாட், 30 ஜிபி: உள்ளே டிக் டிக் சத்தம், பிறகு திரையில் சோக முகம்.

மல்டிமீட்டர் உண்டு, சால்டரிங் ஓரளவு வரும். எதில் நேரம் செலவழித்தால் பயன்? இருக்கும் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற அந்த வாக்மேனே போதுமா? இன்னொரு சந்தேகம்: 1979இல் வாக்மேன், 2001இல் ஐபாட். நடுவில் இத்தனை வடிவங்கள் வந்து வந்து போனது ஏன்? வெறும் விற்பனைத் தந்திரமா?

காந்தத்தலை:

மோட்டார் ஓடுது, டேப் நகரலைன்னா முதல் சந்தேகம் பெல்ட் மேலதான். பழைய ரப்பர் ஒண்ணு லூசாகி வழுக்கும், இல்லன்னா உருகித் தாரா மாறிடும். தாரா மாறியிருந்தா கையால தொடாதீங்க, எதுல பட்டாலும் லேசுல போகாது. பல்குச்சியால புல்லியிலேருந்து (பெல்ட் ஓடுற சக்கரம்) சுரண்டி எடுத்துட்டு, மிச்சத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச பட்ஸால துடைங்க. 99 சதவீதம் கிடைச்சா நல்லது. துளி தார் புல்லியில ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் பாட்டு ஒரு தடவை நடுங்கும்.

புது பெல்ட் அளவு: பெல்ட் போற வழியில ஒரு நூலைச் சுத்தி நீளத்தை எடுங்க. அதுல 5 முதல் 8 சதவீதம் குறைச்ச உள்சுற்றளவுதான் வேணும். இறுக்கமா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. மோட்டார் அச்சைத் தாங்குற புஷ் ஒரு பக்கமா தேயும், வேகத்துல ஆட்டமும் கூடும். லூசா போட்டா ரீல் கனமா இருக்கிற பக்கத்துல வேகம் விழும். தடிமனும் அகலமும் பழைய பெல்ட் மாதிரியே இருக்கணும். தட்டை பெல்ட் இருந்த இடத்துல உருண்டை பெல்ட் போட்டா ஓடுற மாதிரி ஓடி நழுவிடும்.

அதோட விட்டுடாதீங்க. டேப்பை இழுக்கிற கேப்ஸ்டன் கம்பி, டேப்பை அதுமேல அழுத்துற பிஞ்ச் ரோலர், ஒலியைப் படிக்கிற ஹெட் மூணையும் பட்ஸ்ல பழுப்பு வராத வரை துடைங்க. பிஞ்ச் ரோலர் பளபளன்னு இறுகியிருந்தா டேப்பை ஒரு பக்கமா தள்ளிச் சுருட்டிடும்.

கடைசியா வேகம். முறையான வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. 3150 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிஞ்ச டெஸ்ட் டேப்பைப் போட்டு, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதிர்வெண் காட்டுற செயலியில பாருங்க. 3134க்கும் 3166க்கும் நடுவுல நின்னா அரை சதவீதத்துக்குள்ள இருக்குன்னு அர்த்தம், வாக்மேனுக்கு அது தாராளம். இல்லன்னா போர்டுலயோ மோட்டார் முதுகிலயோ சின்ன ட்ரிம்மர் (திருப்பிச் சரிசெய்யற திருகு) இருக்கும், பிளாஸ்டிக் ஸ்குரூ டிரைவரால மயிரிழை மயிரிழையா திருப்புங்க. டெஸ்ட் டேப் இல்லாம, தெரிஞ்ச பாட்டோட நீளத்தை வெச்சு ஒப்பிடுறவங்க உண்டு. ஆனா கம்பெனி கேசட்டே கொஞ்சம் வேகம் தப்பி வந்திருக்கலாம். 6 சதவீதம் தப்பினா ஒரு முழு அரைச்சுரம் மாறிடும், அந்த அளவுக்கு விடாதீங்க.

பெல்ட் மாத்தின பிறகு ஒரு காதுல மட்டும் சத்தம் குறைஞ்சு, திறந்தா மீன் வாடை மாதிரி அடிச்சுதுன்னா, போர்டு மேல ஒட்டின குட்டி எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கசிஞ்சிருக்கு. எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகளின் தொடக்க மாடல்களோட சாபம் அது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட்ல மாத்துங்க. கசிவைக் கழுவாம புதுசு வெச்சா அடியில இருக்கிற செம்புத் தடம் அரிச்சுப் போகும்.

வட்டுப்பெட்டி:

சிடி பிளேயரைப் பற்றி முதலில் கெட்ட செய்தி: மூன்றில் கடைசியாகத் தொட வேண்டியது அதுதான். சிடியில் இருப்பது எண்கள். கணினியின் எந்த டிரைவிலும் போட்டு அப்படியே எடுத்துவிடலாம், பிளேயர் நல்லதா மோசமா என்பது எடுக்கும் பாட்டைப் பாதிக்காது. கேசட்டில் அப்படி இல்லை. ஓட்டும் கருவியின் ஆட்டமும் வேகமும் ஹெட்டின் சாய்வும் அப்படியே பதிவில் ஏறும்.

இருந்தாலும் முயன்று பார்க்க அரை மணி நேரம் போதும். லென்ஸில் முதலில் காற்று ஊதுங்கள். பிறகு பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, அழுத்தாமல் ஒரு வட்டம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் அத்தோடு முடிந்தது. லென்ஸும் லேசரும் உள்ள பிக்கப் நகரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் கிரீஸை ஊசிமுனை அளவு வையுங்கள். மூடி சுவிட்சைக் குச்சியால் அழுத்தினால் லென்ஸ் மேலும் கீழும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து மட்டும் பாருங்கள். 780 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் ஆபத்து குறைவு என்று ஆகிவிடாது.

கம்பெனி சிடி எப்போதாவது பாடி, எழுதிய சிடி பாடாததற்குக் காரணம் பிரதிபலிப்பு. ஒருமுறை மட்டும் எழுதும் சிடி-ஆர், அச்சிட்ட தட்டை விடச் சற்றுக் குறைவாக ஒளியைத் திருப்பி அனுப்பும்; அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம் மட்டுமே அனுப்பும். லேசர் தளர்ந்தால் முதலில் அடிபடுவது இவைதான். பிக்கப்பில் இருக்கும் குட்டி ட்ரிம்மரைத் திருப்பி மின்னோட்டத்தை ஏற்றச் சொல்வார்கள். சில நாள் பாடும், பிறகு லேசர் டயோடு மொத்தமாகப் போகும். திருப்பாதீர்கள்.

விற்பனைத் தந்திரமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு உண்மை, ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது: நடக்கும்போது கருவி குலுங்கும், குலுங்கும் நேரத்துக்குப் பாட்டை எங்கே சேமித்து வைப்பது?

கேசட்டுக்கு அந்தக் கவலை குறைவு. கேப்ஸ்டனோடு சுற்றும் கனமான ஃப்ளைவீல் வேகத்தைப் பிடித்து வைக்கும், பலமாக ஆடினால் சுருதி லேசாக அசையும், அவ்வளவுதான். 1984இல் சோனி டி-50 வந்தபோது லேசர் தடம் மாறினால் பாட்டே அறுந்தது. சிடி நொடிக்கு 1411 கிலோபிட் கேட்கும். பத்து நொடியைத் தாங்க 14 மெகாபிட் நினைவகம் தேவை. அப்போது அதன் விலைக்குக் கையடக்கக் கருவியில் வைக்க முடியாது. தொண்ணூறுகளில் நினைவகம் மலிந்த பிறகுதான் அதிர்வுத் தடுப்பு வந்தது. அதற்கும் தட்டை இரட்டை வேகத்தில் சுற்றி முன்கூட்டியே நிரப்ப வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். உங்கள் பிளேயரில் அந்த சுவிட்சை அணைத்தால் கூடுதல் நேரம் பாடுவது இதனால்தான்.

1992இல் வந்த மினிடிஸ்க் என்ற சிறு வட்டு மறுபக்கத்திலிருந்து யோசித்தது: பாட்டையே சுருக்கி நொடிக்கு 292 கிலோபிட் ஆக்கு. பத்து நொடிக்கு 3 மெகாபிட்டே போதும், ஒரு சிறிய சிப்பில் அடங்கிவிடும். மேலும் அதில் பதிவும் செய்யலாம். அதே ஆண்டு பிலிப்ஸ் கொண்டுவந்த டிஜிட்டல் கேசட்டோ டேப்பையே பிடித்துத் தொங்கியது, விரும்பிய பாட்டுக்குப் போக டேப்பைச் சுற்றத்தான் வேண்டும். 1996இல் முடிந்தது.

1998இன் எம்பி3 பிளேயர்களான எம்பிமேன், ரியோ பிஎம்பி300 இரண்டிலும் 32 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகம். 128 கிலோபிட்டில் அரை மணிக்குச் சற்று மேல் பாடும். அசையும் பாகமே இல்லை, அதனால் குலுக்கல் பிரச்சினையும் இல்லை, ஆனால் கொள்ளளவு ஒரு கேசட்டின் ஒரு பக்கம்தான்! ஐபாட் செய்தது இரண்டையும் ஒட்டியது: 5 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதற்கு முன்னால் 32 மெகாபைட் நினைவகம். சுமார் இருபது நிமிடப் பாட்டை ஒரே மூச்சில் இழுத்து வைத்துவிட்டு டிஸ்க் தூங்கிவிடும். தூங்கும் டிஸ்க் குலுக்கலைத் தாங்கும், மின்சாரமும் தின்னாது.

சேமிப்பகம்:

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் உங்கள் ஐபாடின் டிக் டிக். தூங்கி எழும்போதெல்லாம் படிப்புமுனை இறங்கி ஏறிய 1.8 அங்குல டிஸ்க் ஓய்ந்துவிட்டது. மூன்றில் இதைத்தான் முதலில் எடுங்கள், பலன் நிச்சயம்.

திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒருமுறை கணினியில் தெரிந்தாலும், மறைந்திருக்கும் ‘ஐபாட் கன்ட்ரோல்’ கோப்புறைக்குள் உள்ள ‘மியூசிக்’ முழுவதையும் நகலெடுத்துவிடுங்கள். கோப்புப் பெயர்கள் நான்கெழுத்துக் குப்பையாக இருக்கும், பயப்பட வேண்டாம். பாட்டின் பெயரும் ஆல்பமும் கோப்புக்குள்ளேயே டேகில் இருக்கின்றன.

டிஸ்க்தானா என்று உறுதி செய்ய: மெனுவும் நடு பட்டனும் சேர்த்து அழுத்தி ரீசெட். ஆப்பிள் சின்னம் வந்ததும் நடு பட்டனையும் பின்செல்லும் பட்டனையும் பிடியுங்கள், சோதனைத் திரை வரும். அதில் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தானே வைத்திருக்கும் நலக்குறிப்பு) பாருங்கள். ‘ரீஅலாக்ஸ்’ (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்), ‘பெண்டிங் செக்டார்ஸ்’ (சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) இரண்டும் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் குற்றவாளி டிஸ்க் அல்ல, ரிப்பன் கேபிளாக இருக்கலாம், கழற்றி மாட்டிப் பாருங்கள்.

திறக்க மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. உலோக முதுகைப் பிரித்ததும் இழுத்துவிடாதீர்கள்: ஹெட்ஃபோன் ஜாக், ஹோல்ட் சுவிட்ச், பேட்டரி எல்லாம் ரிப்பனால் முதுகோடு இணைந்திருக்கின்றன. இணைப்பியின் பழுப்பு நெம்பை உயர்த்தி முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நெம்பியோ குத்தியோ எடுக்கக் கூடாது.

டிஸ்க்குக்குப் பதில் எஸ்டி கார்டு அடாப்டர். 5ஆம் தலைமுறைக்கு ஸிஃப் வகை (ரிப்பன் கேபிள் செருகும்) இணைப்பி. 4ஆம் தலைமுறைக்கு வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். கார்டை மாட்டுமுன் எஃப்3 போன்ற கருவியால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள், போலிக் கொள்ளளவு கார்டுகள் ஏராளம். பிறகு ஐடியூன்ஸில் ரீஸ்டோர். ஆனால் 30 ஜிபி மாடலில் நினைவகம் 32 மெகாபைட்தான். 60, 80 ஜிபி மாடல்களில் 64. ஆப்பிள் மென்பொருள் பாட்டுப் பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும், ஆகவே சுமார் இருபதாயிரம் பாட்டுக்கு மேல் போனால் திணறி மறுதொடக்கம் ஆகும். பெரிய கார்டு போட்டு என்ன பயன் என்று யோசித்து வாங்குங்கள்.

மெல்லிசை:

வாக்மேனைத் திறந்தேன், பெல்ட் தார்தான். ஐபாடில் பெண்டிங் செக்டார் நூற்றுக்கணக்கில். இரண்டுக்கும் வழி கிடைத்தது, நன்றி. கேசட்டைக் கணினியில் ஏற்றும் முறையை மட்டும் சொல்லுங்கள் ஐயா.

காந்தத்தலை:

வாக்மேன் கேட்கிறதுக்கு. ஏத்துறதுக்கு வீட்டு கேசட் டெக் ஒண்ணு இரவல் வாங்குங்க, ஆட்டம் குறைவு, லைன் அவுட்டும் (வேற கருவிக்கு ஒலி அனுப்புற துளை) இருக்கும். பக்கத்தைத் தானா மாத்துற ஆட்டோ ரிவர்ஸ் டெக்னா, அதைக் கையாலயே திருப்பிப் போடுங்க, ரெண்டு திசையிலும் ஹெட் ஒரே சாய்வுல உட்காரும்னு நம்ப முடியாது.

லைன் அவுட்லேருந்து யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸோட லைன் இன்னுக்கு. மைக் துளைக்குப் போகாதீங்க, பெரும்பாலும் மோனோ (ரெண்டு காதுக்கும் ஒரே ஒலி), மேல மைக்குக்கான வோல்டேஜும் இருக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 6 டெசிபல் தாண்டக் கூடாது. அரை மணி நேரப் பக்கம் ஒண்ணு ஏறக்குறைய 520 மெகாபைட் வரும், அப்புறம் ஃப்ளாக் (தரம் குறையாம சுருக்குற கோப்பு வடிவம்) ஆக்கிக்கலாம்.

ஒவ்வொரு கேசட்டையும் முதல்ல கடைசி வரை சுத்தி, திரும்பச் சுத்துங்க. அப்புறம் அசிமத், அதாவது ஹெட்டோட சாய்வு: ஹெட் பக்கத்துல ஸ்பிரிங் போட்ட ஸ்குரூ. பதிவை மோனோவுல கேட்டுக்கிட்டே, ஜால்ரா சத்தம் எங்க அதிகத் தெளிவோ அங்க நிறுத்துங்க. ஒவ்வொரு கேசட்டும் வேற வேற ஹெட்ல பதிவானது, அதனால ஒவ்வொண்ணுக்கும் இதைச் செய்யணும். பின்னாடி எந்த மென்பொருளும் இழந்த மேல்சுரத்தை முழுசா மீட்டுத் தராது.

டால்பி பி (டேப் இரைச்சலைக் குறைக்கிற முறை) போட்டுப் பதிஞ்சதை டால்பி இல்லாம ஓட்டினா கூர்மையா, இரைச்சலா இருக்கும். இல்லாததுக்குப் போட்டா போர்வை மூடின மாதிரி. மேல்சுரத்தைச் சமன்படுத்துற அளவு (ஈக்வலைசேஷன்) சாதா டேப்புக்கு 120 மைக்ரோ நொடி, குரோம் டேப்புக்கு 70, டெக் தானா கண்டுபிடிக்கலன்னா சுவிட்சைப் பாருங்க.

சேமிப்பகம்:

ஒரு சேர்க்கை. ஐபாடின் சொந்த மென்பொருள் ஃப்ளாக் பாடாது. ஆப்பிள் லாஸ்லெஸ் ஆக்குங்கள், அல்லது ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளை நிறுவுங்கள், அது ஃப்ளாக்கை அப்படியே பாடும். பக்கத்தைப் பாட்டு பாட்டாக வெட்டும்போது எம்பி3 வேண்டாம். அந்த வடிவம் தொடக்கத்தில் சில மில்லிநொடி மௌனத்தைச் சேர்க்கும், கச்சேரிப் பதிவில் பாட்டுக்கு நடுவே விக்கல் போல் கேட்கும். இரைச்சல் நீக்கமும் 6 முதல் 9 டெசிபல் வரை போதும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

வட்டுப்பெட்டி:

இரைச்சல் நீக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, 6 டெசிபலிலேயே தம்புராவின் வால் அறுபடும். சேமிக்கும் பிரதியில் அதைத் தொடாதீர்கள், கேட்கும் பிரதியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசை:

சரி. சில கேசட்டுகள் கிறீச் என்று கத்துகின்றன, ஒன்றில் ஒலி விட்டு விட்டு வருகிறது.

காந்தத்தலை:

விட்டு விட்டு வர்றது பிரஷர் பேட் விழுந்திருக்கும், கேசட் வாய் நடுவுல இருக்கிற செம்பு ஸ்பிரிங் மேல குட்டி ஃபெல்ட் இருக்கான்னு பாருங்க. கத்துறது பெரும்பாலும் உள்ளே இருக்கிற வழுவழுத் தாள், உருளைகள் காய்ஞ்சதால. ரெண்டுக்கும் ஒரே மருந்து: ஐந்து ஸ்குரூ போட்ட நல்ல கேசட்டைத் திறந்து, அந்த ஓட்டுக்குள்ள இந்த ரீல்களை மாத்துங்க. ஒட்டின ஓடா இருந்தா விளிம்புல கத்தி வெச்சுப் பிளக்கணும். டேப்பைக் கையால தொடாம, காந்தப் பூச்சு இருக்கிற பக்கம் உள்நோக்கித் திரும்பிடாம, ரெண்டு உருளைக்கும் வெளிப்பக்கமா டேப் போகுதான்னு பார்த்துட்டு மூடுங்க. ஸ்குரூவை ஒரேயடியா இறுக்காதீங்க, ஓடு வளைஞ்சா மறுபடி கத்தும். சி-120ன்னா ரொம்ப ஜாக்கிரதை, டேப் தடிமன் 9 மைக்ரோமீட்டர்தான், சுருண்டா நீவி எடுக்க முடியாது.