ஒரே வீட்டில் வளர்ந்தோம், அண்ணன் மட்டும் குடிக்கிறார்: சின்ன வயசுதான் காரணமா?

மழைக்குருவி:
அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் அண்ணன் என்னை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார். அடி அவருக்கு. இப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, தினமும் குடி. சொந்தக்காரர்கள் "அப்பன் புத்தி" என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தானே, நான் குடிப்பதில்லையே! டாக்டரைப் பார்க்கலாம் என்றால் "நான் என்ன குடிகாரனா?" என்று கத்துகிறார். பழையதைப் பேச வைக்கலாமா? இல்லை, அது குடிப்பதற்குச் சாக்காகிவிடுமா?

நேர்கோடு:
சாக்கேதான். எங்கள் வீட்டிலும் அடி உதை இருந்தது, நான் குடிக்கவில்லை. மனசு வைத்தால் விடலாம்.

பழைய குடையன்:
நான் குடியை விட்டுச் சில வருடமாகிறது. சகோதரி, அது ஒரே வீடு இல்லை. கதவுக்கு உள்ளே இருந்த உங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார். வெளியே நின்றவருக்கு யார் இருந்தார்கள்? ஹவாயில் காவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் ஆய்வாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறினார்கள். அவர்களுக்கெல்லாம் நம்பிப் பற்றிக்கொள்ள ஒருவராவது இருந்தார்; அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதல் பாடம், "வெளியே சொல்லாதே". காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி பள்ளிக்கூடம் போக வேண்டும். கேட்டால், கீழே விழுந்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரன். பிற்பாடு பாட்டிலை ஒளிக்கவும், வாடை தெரியாமல் தள்ளி நின்று பேசவும் அதே கெட்டிக்காரத்தனம்தான் கைகொடுத்தது. யாராவது "குடிகாரன்" என்று ஏசும்போதெல்லாம் அந்தப் பாடம் இன்னும் இறுகியது. (முதல் மடக்கில் எனக்குக் குஷி ஒன்றும் வரவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று எந்நேரமும் விறைத்துக்கொண்டிருந்த காது கொஞ்சம் ஓய்ந்தது, அவ்வளவுதான்.)

அறிவுரை எதுவும் எனக்குள் இறங்கவில்லை. குடியை விட்டவர்களின் கூட்டத்தில் ஒரு பெரியவர் தன் அப்பாவைப் பற்றிச் சாதாரணமாக, யாருடைய அனுதாபத்தையும் எதிர்பார்க்காமல் பேசினார். இதை இப்படி வாய்விட்டுச் சொல்லலாமா என்று அன்றுதான் தோன்றியது. நான் வாயைத் திறக்க அப்புறமும் வெகு நாள் ஆனது. அதனால் இப்போதே தோண்டாதீர்கள். முதலில் குடி நிற்கட்டும், தூக்கம் திரும்பட்டும்.

கரையோரம்:
போதை மீட்புத் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். நேர்கோடு, நீங்கள் தப்பித்ததில் சந்தோஷம். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. ஃபெலிட்டி, ஆன்டா என்ற அமெரிக்க மருத்துவர்கள் குழுவாக நடத்திய ஆய்வு 1998-இல் வந்தது. சிறுவயதில் அடி, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்றவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். ஆனால் இது பெருங்கூட்டத்தின் கணக்கு. இதை வைத்துத் தனி ஆளுக்கு ஜாதகம் எழுதக் கூடாது என்று ஆன்டாவே பிற்பாடு எச்சரித்தார். பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஏறக்குறைய பாதி.

மழைக்குருவி, ஒன்று முக்கியம். தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. காலையில் கை நடுங்குகிறதா?

மழைக்குருவி:
நடுங்குகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். தூக்கமே வரவில்லை என்று அவரே அண்ணியிடம் புலம்பியிருக்கிறார். சரி, தூக்கத்துக்கு என்று சொல்லியே கூட்டிப் போகிறோம். குடியைப் பற்றி டாக்டர் கேட்கட்டும், நாங்கள் வெளியே உட்கார்ந்துகொள்கிறோம்.